விளக்கு மூலையில் ஒருவர்

எங்கள் வீட்டு ரௌட்டருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து வரவேற்றது என் மதினிதான். வந்த இடத்தில் நல்லபடியாக இருக்கட்டும் என்று ஒரு துண்டு கனகாம்பரத்தையும் அதன் தலையில் செருகிவிட்டாள். அவளைக் காப்பதற்கென்றே வாங்கிய பெட்டி அது. கடைசியில் வீட்டில் இருந்த அத்தனை பேரிலும் அவள் ஒருத்தியைத்தான் அது பார்க்காமல் விட்டது. நன்றிகெட்ட பெட்டி.

மதினி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா, ஆவுடைச்செல்வி. நேரில் 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவேன். ஆனால் மனசுக்குள் அவளை 'அவள்' என்றே நினைத்துப் பழகிவிட்டேன். அவ்வளவு ஒட்டுதல் எங்களுக்குள். இருவருக்கும் ஒரே உடல்வாகு. அவள் ரவிக்கையை நானும் என் ரவிக்கையை அவளும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வோம், யாருடையது எது என்று எங்களுக்கே தெரியாது.

அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இளவயதில் பாளையங்கோட்டை சமாதானபுரத்தில் எஸ்டிடி பூத் வைத்திருந்தாள். பூத் படுத்ததும் அதையே பிரௌசிங் சென்டர் ஆக்கினாள். 'ஆவுடை கம்யூனிகேஷன்ஸ்' என்ற பச்சைப் பலகையை அந்தப் பக்கத்து ஆட்கள் இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். தம்பி நெல்லைநாயகத்தை, அதாவது என் வீட்டுக்காரரை, படிக்கவைத்து ஆளாக்கியது அந்தப் பலகைதான். இதை அவள் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. அவருக்கும் அது அவ்வளவாக ஞாபகம் இருந்ததில்லை.

அறுபதை நெருங்கும்போது அவளுக்குத் தலைசுற்றல் வந்தது. ஒருநாள் குளியலறையில் விழுந்து, தலையில் தையல் போட வேண்டியதாயிற்று. "மூளைக்குப் போற ரத்தக்குழாய்ல அடைப்பு இருக்கு. மறுபடியும் ஏதாவது வந்தா உடனே கொண்டாந்துரணும். நேரம்தான் முக்கியம்" என்று டாக்டர் எங்களைப் பயமுறுத்தி அனுப்பினார். என் வீட்டுக்காரருக்குத் தூத்துக்குடியில் ஒரு கப்பல் சரக்குக் கம்பெனியில் வேலை. நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மகள் கோயம்புத்தூரில் படிக்கிறாள். பகல் முழுக்க மதினி தனிதான்.

விழுந்தால் எங்கள் போனுக்குச் சொல்லும் என்று, கையில் கட்டுகிற பட்டை ஒன்றை வாங்கி வந்தோம். "மாட்டுக்கு மணி கட்டுறாப்ல எனக்கும் ஒண்ணா? போங்கட்டி" என்று கழற்றி அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டாள். துணைக்கு ஆள் வைக்கிறோம் என்றதற்கு, வருகிற ஆளுக்கு யார் சமைப்பது என்று கேட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் வீட்டு இணையம் ஆளைப் பார்க்கவும் கற்றுக்கொண்டிருந்தது. காமிரா எதுவும் கிடையாது. ரௌட்டரிலிருந்து கிளம்பும் அலை வீடு முழுக்கப் பரவி, சுவரிலும் ஆளிலும் பட்டுத் திரும்பும். அதை வைத்தே யார் எங்கே இருக்கிறார், நடக்கிறாரா, மூச்சு சீராக இருக்கிறதா என்று அது கண்டுபிடித்துவிடும். யாராவது விழுந்தால் எங்கள் போனுக்கும் ஆம்புலன்சுக்கும் அதுவே கூப்பிடும். அவர் அன்றைக்கே விண்ணப்பித்துவிட்டார்.

இணைப்புக் கொடுக்க வந்தவள் பெயர் எஸ்தர். முப்பது வயதிருக்கும். கம்பத்திலிருந்து கேபிளை இழுத்து, சுவரில் துளை போட்டு, உள்ளே கொண்டுவருவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. பெட்டியை எங்கே வைப்பது என்று ஒரு பஞ்சாயத்து நடந்தது. இவருக்குத் தன் மேசைமேல் வேண்டும். மதினிக்கு டிவிக்குக் கீழே. எஸ்தர் இரண்டும் ஆகாது என்று, வீட்டுக்கு நடுவில், சாமி மாடத்துக்கு எதிர்ச்சுவரில் மாட்டினாள்.

"வைஃபைக்கு என்ன பேரு வைக்கட்டும்?" என்று எஸ்தர் கேட்டாள்.

"ஆவுடை கம்யூனிகேஷன்ஸ்" என்றாள் மதினி யோசிக்காமல். "பாஸ்வேர்டு நான் சொல்லுதேன். வீட்டாள் பேரு, பிறந்த வருசம் எல்லாம் வைக்கப்படாது. இந்தப் பாடத்தை எத்தனை பேருக்கு எடுத்திருக்கேன் தெரியுமா?"

எஸ்தர் சிரித்துக்கொண்டே அடித்தாள். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. அப்போதுதான் மதினி சந்தனம் எடுத்து வந்தாள்.

"இனிமேதான் முக்கியமான வேலை" என்றாள் எஸ்தர். "முதல்ல ஒரு தடவை இது வீட்டை வெறும் வீடா பாக்கணும். ஆள் ஒருத்தரும் உள்ள இருக்கக் கூடாது. சுவரு, பீரோ, கட்டில் எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணிக்கும். அதுக்கப்புறம் கூடுதலா எது தெரிஞ்சாலும் அதை ஆளுன்னு எடுத்துக்கும்."

"பூனை வந்தா?" என்றாள் மதினி.

"பூனை மூச்சும் ஆள் மூச்சும் வேற இல்லையாம்மா. அது கண்டுபிடிச்சிரும். எல்லாரும் வெளிய வாங்க, ஒரு காபி குடிக்கிற நேரம்தான்."

விளக்கு வைக்கிற நேரம் அது. மதினி அப்போதுதான் மாடத்தில் குத்துவிளக்கை ஏற்றியிருந்தாள். "நீங்க முன்னால போங்க. நான் பின்வாசலைப் பாத்துட்டு அந்தப் பக்கமா வாரேன்" என்றாள்.

நாங்கள் தெருவில் போய் நின்றோம். பக்கத்து வீட்டு இசக்கியம்மாள், என்ன ஏது, எல்லாரும் வெளியே நிற்கிறீர்களே என்று கேட்டு வந்துவிட்டாள். அவளுக்கு நான் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். இவர் போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். எஸ்தர் கையில் தன் டேப்லட் பலகையை வைத்துக்கொண்டு, "ஸார், எல்லாரும் வந்தாச்சா? ஆரம்பிக்கலாமா?" என்று கேட்டாள்.

"வந்தாச்சு, வந்தாச்சு" என்றார் இவர், திரும்பிப் பார்க்காமலே.

முடிந்து உள்ளே போனபோது மதினி அடுக்களையில் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எப்போது வந்தீர்கள் என்றேன். இப்போதுதான் என்றாள். பிறகு ஒவ்வொருவராக வீட்டைச் சுற்றி நடக்கச் சொன்னாள் எஸ்தர், எங்கள் நடை அதற்குப் பழக வேண்டுமாம். ஆட்கள் மறுநாளிலிருந்து போனில் தெரிவார்களாம், முழுசாகப் பழக ஒரு வாரம் ஆகுமாம். இவர் ஏதோ அணிவகுப்பில் போவதுபோல் விறைப்பாக நடந்தார். "லேய், ஆபீசரா வேலைக்கு எடுக்கப் போறாங்களா உன்னை? சும்மா நட" என்று மதினி கேலி செய்தாள். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அந்த வீட்டில் நாங்கள் அப்படிச் சேர்ந்து சிரித்தது எனக்கு இன்னும் காதில் கேட்கிறது.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் எனக்கு இவரிடமிருந்து போன்.

"ஏட்டி, வீட்டுக்கு யாரு வந்திருக்கா? ரெண்டு பேருன்னு காட்டுது. அக்கா அடுக்களையில நிக்கா. இன்னொரு ஆளு சாமி மாடத்துகிட்ட உக்காந்திருக்கு. அசையவே மாட்டேங்குது."

மதினிக்குப் போட்டுக் கேட்டேன். ஒருவரும் இல்லை என்றாள். மாலையில் மூன்று பேரும் கூடத்தில் நின்று போனைப் பார்த்தோம். எங்கள் மூன்று புள்ளிகளும் பெயரோடு இருந்தன. மாடத்துக்குப் பக்கத்தில், சுவரை ஒட்டி, பெயரில்லாமல் நாலாவதாக ஒன்று. 'ஒருவர். அமர்ந்திருக்கிறார்' என்று எழுதியிருந்தது. அந்த இடத்தில் எண்ணெய்த் தூக்குவாளி ஒன்றும் ஒரு பாயும்தான் இருந்தன.

இந்தச் சங்கதி எப்படியோ இசக்கியம்மாள் காதுக்குப் போய்விட்டது. "மாடத்துல அம்மன் வந்து உக்காந்திருக்கா, உங்களுக்குத்தான் தெரியலை" என்று பூவோடு வந்து நின்றாள். அடுத்த நாள் இன்னும் இரண்டு பெண்களைக் கூட்டி வந்தாள். ஒருத்தி என் போனைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வேறு சமயமாக இருந்தால் மதினி இதை வைத்து ஒரு வாரத்துக்குப் பேசிச் சிரிப்பாள். அந்தத் தடவை மட்டும் சிரிக்காமல், "போயி வேலையைப் பாருங்க தாயி" என்று அவர்களை அனுப்பிவைத்தாள்.

அன்று மாலை பருப்பு அரித்துக்கொண்டே, "ஏட்டி சுகந்தி, அந்தப் பிள்ள அன்னைக்கு எல்லாரையும் வெளிய போகச் சொல்லிச்சில்லா..." என்று ஆரம்பித்தாள். அதற்குள் இவர் உள்ளே வந்தார், போனை மேசைமேல் எறிந்தார்.

"மறுபடியும் இணைப்புக்காரங்களை வரச்சொல்லணுமாம். எனக்கு இதே வேலையா? கப்பல் வந்து நிக்குது, லீவு எவன் குடுப்பான்? எவனோ எதையோ ஒழுங்கா செய்யலை, நான் கெடந்து அலையுதேன்."

மதினி பருப்பைப் பார்த்தபடி இருந்தாள். என்ன சொல்ல வந்தீர்கள் என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல, விடு" என்றாள்.

எஸ்தர் இரண்டாம் தடவை வந்தபோது எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வியே அதுதான். "அன்னைக்கு அளவு எடுக்கையில யாராவது உள்ள இருந்தீங்களா ஸார்?"

"எல்லாரும் தெருவுலதான் நின்னோம். உங்க கண்ணு முன்னாலதான நின்னோம்? இதுகூடத் தெரியாத சின்னப் பிள்ளைகளா நாங்க?"

மதினி காபி டம்ளரை எஸ்தர் முன்னால் வைத்தாள். தம்பியின் முகத்தை ஒரு தரம் பார்த்தாள், பிறகு டபராவை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

எஸ்தர் தயங்கினாள். "ரெண்டு வழி இருக்கு ஸார். முதல்ல இருந்து அளவெடுக்கலாம். ஆனா உங்க நடையெல்லாம் மறந்துரும், மறுபடி பழக ஒரு வாரம் ஆகும். அதுவரைக்கும் ஆபத்துன்னா கூப்பிடாது. இல்லைன்னா அந்த மூலையை மட்டும் கணக்குல இருந்து எடுத்துரலாம். அங்க எது நடந்தாலும் இது பாக்காது."

"எடுத்துருங்க. சாமி மூலைதான? அங்க யாரு போயி உக்காரப் போறா?"

தினமும் விளக்கேற்றியதும் மதினி போய் உட்காருவது அங்கேதான். விளக்கு எரிகிற வரைக்கும் சுவரில் முதுகைச் சாய்த்து, கண்ணை மூடி, வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவர் பிறந்ததிலிருந்து அதைப் பார்த்து வளர்ந்தவர். நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பார்க்கிறேன். எங்கள் இரண்டு பேர் வாயிலிருந்தும் அது வரவில்லை. ஒரு ஆள் தினமும் ஒரே இடத்தில் உட்கார்ந்தால், அந்த ஆளும் கண்ணுக்குச் சுவராகிப் போகிறாள் போலிருக்கிறது.

அடுக்களை வாசலில் வந்து நின்ற மதினி, "அவன் சொல்லுறாப்ல செய்யி தாயி. எதுக்கு வீண் அலைச்சல்" என்றாள்.

நாலாவது ஆள் போனிலிருந்து மறைந்துவிட்டாள். இசக்கியம்மாளுக்குத்தான் வருத்தம்.

அதற்குப் பிறகு எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. மதினி கொல்லையில் துணி உலர்த்துவது, மதியம் கட்டிலில் சாய்வது எல்லாம் போனில் தெரியும். பகலில் ஒரு தடவை தடுமாறிக் கட்டில் விளிம்பைப் பிடித்ததற்கே அது எங்கள் போனுக்கு அடித்தது. பெட்டி கெட்டிக்காரப் பெட்டி என்று பெருமைப்பட்டுக்கொண்டோம். விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பெரும்பாலும் நானோ அவரோ வீடு திரும்பிவிடுவோம். அந்த நேரத்தில் போனை எதற்குப் பார்க்கப் போகிறோம்?

அந்த வெள்ளிக்கிழமை எங்கள் பள்ளிக்கூட ஆண்டுவிழா. பிள்ளைகளுக்குச் சடை பின்னிவிட்டு, மேடைக்கு அனுப்பி, அழுகிற பிள்ளைக்கு மிட்டாய் கொடுத்து என்று எனக்கு நிற்க நேரமில்லை. இவருக்கும் ஏதோ சரக்கு இறங்க வேண்டியிருந்தது. வெளிச்சம் மங்கிய பிறகு போனைப் பார்த்தேன். 'வீட்டில் யாரும் இல்லை' என்றிருந்தது.

எனக்கு அப்போது சந்தோஷம்தான் வந்தது, இதை எங்கே போய்ச் சொல்ல? மதினி வெளியே கிளம்பியிருக்கிறாள், உடம்பு தேறிவிட்டது என்று நினைத்தேன். இவரைக் கூப்பிட்டேன். அவரும் பார்த்திருந்தார்.

"அக்கா கோயிலுக்குப் போயிருப்பா. வெள்ளிக்கிழமைல்லா" என்றார்.

"ஒரு போன் போட்டுக் கேக்கவா?"

"என்னத்துக்கு? கோயிலுக்குப் போனா போனை வீட்டுல வச்சுட்டுத்தான போவா. சும்மா அடிச்சுக்கிட்டுக் கெடக்கும். அதான் வீட்ல இல்லைன்னு காட்டுதே, விழுந்துகிழுந்து கெடந்தா நமக்குச் சொல்லியிருக்கும்லா."

ரொம்ப நேரம் கழித்து மறுபடி பார்த்தேன், அப்போதும் யாரும் இல்லை. கோயிலில் கூட்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

நானும் அவரும் ஒரே நேரத்தில்தான் தெருமுனையில் இறங்கினோம். வீடு இருட்டாக இருந்தது. விளக்கைப் போட்டதும் கண்ணில் முதலில் பட்டது எதிர்ச்சுவரில் பச்சையாக எரிந்துகொண்டிருந்த பெட்டி. அதற்கு நேரே, மாடத்துக்குப் பக்கத்தில், மதினி சுவரில் சரிந்து கிடந்தாள். குத்துவிளக்கு எண்ணெய் வற்றி அணைந்திருந்தது. ஒரு கை எண்ணெய்த் தூக்கின் மேல் இருந்தது. கண் திறந்திருந்தது, எங்களைப் பார்த்தது, வாய் மட்டும் கோணி ஒரு சத்தமும் வரவில்லை.

"கொஞ்சம் முன்னாலயே கொண்டாந்திருந்தா மருந்து ஏத்திக் காப்பாத்தியிருக்கலாம்" என்றார் டாக்டர். அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். இவர் ஆஸ்பத்திரி நடையில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சில நாள் பேச்சில்லாமல் கிடந்து மதினி போய்ச்சேர்ந்தாள்.

காரியமெல்லாம் முடிந்ததும் இவர் இணையக் கம்பெனிக்குப் போன் போட்டு வாய்க்கு வந்தபடி பேசினார். உங்கள் பெட்டி கொன்றுவிட்டது என்றார். கேஸ் போடுவேன் என்றார். அந்தப் பக்கம் பேசியவர்கள் பதிலுக்கு அனுதாபமாக எதையோ வாசித்தார்கள். மறுநாள் எஸ்தர் வந்தாள். யாரும் அனுப்பி அவள் வரவில்லை. சேதி கேட்டுத் தானாகவே வந்திருந்தாள். மதினி படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள்.

"எனக்கு ஒண்ணு பாக்கணும் ஸார். திட்டுறதா இருந்தா அதுக்கப்புறம் திட்டுங்க" என்றாள்.

பலகையை எடுத்து எதையோ தட்டினாள். "அந்த மூலையை மறுபடி கணக்குல சேத்திருக்கேன். உங்க போனைப் பாருங்க."

நான், இவர், எஸ்தர் என எங்கள் மூன்று பேரின் புள்ளிகள். மாடத்துக்குப் பக்கத்தில், பழைய இடத்தில், நாலாவதாக ஒன்று. 'ஒருவர். அமர்ந்திருக்கிறார்.'

இவர் சட்டென்று திரும்பி அந்த மூலையைப் பார்த்தார். அங்கே பாய் மட்டும்தான் கிடந்தது.

"பயப்படாதீங்க. பேயும் இல்ல, சாமியும் இல்ல" என்றாள் எஸ்தர். "எண்ணெய் வாங்கக் கடைக்குப் போறீங்க. கடைக்காரர் முதல்ல வெறும் தூக்கைத் தராசுல வச்சு, அந்த எடையைக் கழிச்சிருவாரு. அப்புறம்தான் எண்ணெய் ஊத்துவாரு, இல்லையா? இதுவும் அப்படித்தான். வெறும் வீட்டைப் பாத்துக் கழிச்சு வச்சுக்குது. ஆனா கழிக்கையில தூக்குக்குள்ள ஒரு கல்லு கெடந்துச்சுன்னு வைங்க. அந்தக் கல்லையும் சேத்துத்தான் தூக்குன்னு நெனச்சுக்கும். அப்புறம் கல்லை வெளிய எடுத்துட்டா கணக்கு இடிக்கும். இதுக்கு ஏதோ மாறுதல் தெரியும். மாறுதல் ஆள் அளவுல இருந்தா, ஆளுன்னு சொல்லிரும். அக்கா, நீங்க கொஞ்சம் அந்தப் பாய்ல போய் உக்காருங்களேன். அந்தம்மா உக்காருற மாதிரி."

நான் போய்ச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். மதினியின் ரவிக்கைதான் அன்றைக்கும் என் உடம்பில் இருந்தது.

"போயிட்டு" என்றார் இவர். "ரெண்டுமே போயிட்டு. உன் புள்ளியும் போயிட்டு, அதுவும் போயிட்டு."

"அந்த எடத்துல அந்த அளவு ஆள் இருந்தாத்தான் இதுக்கு வெறும் வீடு" என்றாள் எஸ்தர். "அன்னைக்கு அளவு எடுக்கையில அந்தம்மா உள்ளதான் இருந்திருக்காங்க ஸார். இங்கேயே. அசையாம."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. விளக்கு எரியும்போது வீட்டை ஆளில்லாமல் விடக் கூடாது என்பது மதினிக்கு மூச்சு மாதிரி. ஏற்றிய விளக்கை உடனே அமர்த்தவும் மாட்டாள். கல்யாண வீட்டுக்குக் கிளம்பினால்கூட விளக்கு அமரும்வரை ஆட்டோவைக் காக்கவைப்பவள். விளக்கும் எரிய வேண்டும், எஸ்தர் சொன்னபடி வீடும் வெறும் வீடாக இருக்க வேண்டும் என்று அவள் இரண்டையும் சேர்த்துச் செய்திருக்கிறாள். ஆடாமல் அசையாமல் இருந்தால் போதும், ஆள் இல்லாத மாதிரிதானே என்று நினைத்திருப்பாள். மூச்சைக்கூட மெல்ல விட்டிருப்பாள், பாவி.

"சொல்லியிருக்கலாம்லா" என்றார் இவர். "நீங்க வந்து கேட்டப்பம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா. ஏன் சொல்லாம இருந்தா?"

"சொல்ல விட்டீங்களா நீங்க?" என்றேன். என்னை அறியாமல் கத்திவிட்டேன். "எல்லாரும் வந்தாச்சான்னு கேட்டதுக்கு யாரு வந்தாச்சுன்னு சொன்னது? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை திரும்பிப் பாத்தீங்களா மதினி நிக்காங்களான்னு? அவங்க சொல்ல வந்தாங்க. பருப்பு அரிச்சுக்கிட்டுச் சொல்ல வந்தாங்க. நீங்க போனைத் தூக்கி எறிஞ்சதுல வாயை மூடிக்கிட்டாங்க."

அவர் போனைக் கீழே வைத்தார். என்ன சொல்ல வந்தீர்கள் என்று கேட்டுவிட்டு, அத்தோடு விட்டுவிட்டவள்தானே நானும்.

"நானும் எண்ணிப் பாத்திருக்கணும்" என்றாள் எஸ்தர் தரையைப் பார்த்து. "கடைசி வீடு, சீக்கிரம் போகணும்னு இருந்துட்டேன். வாயால கேட்டதோட விட்டுட்டேன்."

பிறகு அவள்தான் பலகையை எடுத்தாள். "இப்ப புதுசா அளவெடுத்துரலாம் ஸார். எல்லாரும் வெளிய போய் நின்னா போதும். அந்தப் புள்ளி போயிரும். நான் காசு எதுவும்..."

"வேண்டாம்" என்றார் இவர்.

"அது அந்தம்மா இல்ல ஸார். அவங்க இல்லாததைத்தான் இது அப்படிக் காட்டுது."

"தெரியும் தாயி. இருக்கட்டும்."

எஸ்தர் என்னைப் பார்த்தாள். நான் என்ன சொல்வது? கணக்கு டீச்சருக்குத் தெரியாதா, கழித்தலில் வந்த பிழைக்கு உயிர் கிடையாது என்று? அழித்துவிடு என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. ஆபத்துக்குக் கூப்பிடும் வசதியை மட்டும் நிறுத்திவிட்டு அவள் போனாள். இனி எங்களுக்கு அது எதற்கு?

அந்தப் பெட்டி இன்னும் எதிர்ச்சுவரில்தான் இருக்கிறது. சந்தனம் காய்ந்து உதிர்ந்துவிட்டது. வீட்டுக்கு வருகிறவர்கள் வைஃபை கேட்டால் அவர்கள் போனில் 'ஆவுடை கம்யூனிகேஷன்ஸ்' என்று வருகிறது. பகலில் நாங்கள் இருவரும் இல்லாதபோது 'ஒருவர். அமர்ந்திருக்கிறார்' என்று காட்டுகிறது. இவர் சாப்பாட்டு நேரத்தில் அதை எடுத்துப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும். பார்ப்பதாக அவர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேரே வீட்டுக்கு வந்துவிடுகிறேன். விளக்கேற்றுவது இப்போது என் வேலை. எனக்குப் பெரிய பக்தியெல்லாம் கிடையாது. எண்ணெய் விட்டு, திரியை நிமிண்டி, ஏற்றிவிட்டு, அந்தப் பாயில் சுவரோடு சாய்ந்து உட்காருவேன். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் போன் அடிக்கும். ஒருநாள் தவறியதில்லை. கப்பல் வந்து நின்றாலும், எதிரே முதலாளியே உட்கார்ந்திருந்தாலும், அந்த நேரத்தில் அவரிடமிருந்து போன் வரும்.

நேற்றும் வந்தது.

"ஏட்டி, வீட்டுல யாரும் இல்லைன்னு காட்டுது. எங்க இருக்க?"

"இங்கதான் இருக்கேன். விளக்குகிட்ட."

"நல்லா இருக்கியா?"

"இருக்கேன்."

"எந்திரிச்சுக் கொஞ்சம் நட."

தினமும் கேட்பதுதான். நான் பாயிலிருந்து எழுந்து, கூடத்தைக் கடந்து, அடுக்களை வாசல்வரை நடந்தேன். அந்தப் பக்கம் துறைமுகத்து லாரிகளின் இரைச்சலுக்கு நடுவே அவர் மூச்சு விடுவது கேட்டது.

"இப்பம் தெரியுதா?" என்றேன்.

"தெரியுது" என்றார். "இப்பம் ரெண்டு பேரு இருக்கீங்க."

விளக்கில் எண்ணெய் குறைந்திருந்தது. போனை வைத்துவிட்டு ஊற்றப் போனேன்.